கழிவுத்தாளாய்ப் போன 24 லட்சம் போஸ்டர்கள்

நாள் 1: ஈஸ்ட் ஹாம், லண்டன்

மகள் காபி கொடுத்த கோப்பை நல்ல சிவப்பு. மேலே ஒரு கிரீடம், அதன் கீழே வெள்ளை எழுத்தில் ஐந்து ஆங்கிலச் சொற்கள்: 'கீப் காம் அண்ட் கேரி ஆன்'. பதறாதே, பார்க்கிற வேலையைப் பார் என்று வைத்துக்கொள்ளலாம். இதே சிவப்பு, இதே கிரீடம், சென்னை விமான நிலையத்தில் ஒரு பையனின் பனியனிலும் இருந்தது. அதில் கடைசிச் சொற்கள் மட்டும் மாறி 'ஈட் பிரியாணி' என்று முடிந்தது.

நான் சிவகாசியில் முப்பது வருடமாக ஆஃப்செட் பிரஸ் வைத்திருப்பவன். காலண்டர், தீப்பெட்டி லேபிள், கட்சி போஸ்டர், கோயில் கொடை நோட்டீஸ் என்று அடிக்காதது இல்லை. அதனால் கோப்பையைப் பார்த்ததும் மனசு கணக்குப் போட்டது: ஒரே கலர். வெள்ளைத் தாளில் சிவப்பு மை ஒரு தடவை ஓடினால் வேலை முடிந்தது. எழுத்துக்குத் தனி மை வேண்டாம், தாளின் வெள்ளையே எழுத்தாக நின்றுவிடும். இரண்டாவது பிளேட் இல்லை, ரிஜிஸ்டர் விலகுமே, அதாவது ஒரு கலர் மேல் இன்னொரு கலர் சரியாக உட்காராதே என்ற பயமில்லை. அவசரத்துக்கு லட்சக்கணக்கில் அடிப்பதற்கென்றே செய்த டிசைன்.

உண்மையிலேயே அவசரம்தான். 1939 ஆகஸ்ட் 23-க்கும் செப்டம்பர் 3-க்கும் நடுவில், அதாவது பிரிட்டன் ஜெர்மனி மீது போர் அறிவிப்பதற்கு முந்தைய அந்தப் பத்துப் பன்னிரண்டு நாட்களில், பிரிட்டிஷ் அரசில் இதை 24 லட்சத்து 50 ஆயிரம் போஸ்டர்களாக அடித்துத் தள்ளினார்கள். கடும் குண்டுவீச்சு வந்தால் ஒட்டலாம் என்று கட்டுக்கட்டாகக் கிடங்கில் ஏற்றினார்கள். ஒட்டவே இல்லை. 1940-ல் காகிதத்துக்குத் தட்டுப்பாடு வந்ததும் ஏறக்குறைய எல்லாமே கூழாகிவிட்டது. அப்புறம் அறுபது வருடம் இப்படி ஒன்று இருந்ததே பொதுமக்கள் யாருக்கும் தெரியாது. 2000-ல் இங்கிலாந்தின் வடகோடியில் ஆனிக் என்ற சின்ன ஊரில், பழைய புத்தகக் கடை வைத்திருப்பவர் ஏலத்தில் எடுத்த ஒரு பெட்டியின் அடியில் ஒரு தாள் மடித்துக் கிடந்தது. பிரித்துப் பார்த்தால் இந்தச் சிவப்பு.

அந்தத் தாளை நேரில் பார்க்க வேண்டும் என்றேன். மகள் எனக்காக ராட்டினம், மெழுகுப் பொம்மை, அரண்மனை வாசல் என்று பட்டியல் போட்டு வைத்திருந்தாள்.

"என்னப்பா, லண்டனுக்கு வந்துட்டு போஸ்டர் பார்க்கணுங்கிறீங்க? அதத்தான ஊர்ல தினமும் பாக்குறீங்க?"

கடைசியில் ஒப்பந்தம் ஆயிற்று. ஆறாம் நாள் ஆனிக். அதுவரை லண்டனில் போர்க்காலப் போஸ்டர் வாசம் அடிக்கிற இடங்கள். ராட்டினம் அவளுக்காக ஒரு மாலை.

நாள் 2: செனட் ஹவுஸ்

ரஸ்ஸல் ஸ்கொயர் சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் மரங்களுக்கு மேலே வெள்ளைக் கல்லில் ஒரு கோபுரம் தெரியும். செனட் ஹவுஸ். 64 மீட்டர் உயரம், 19 மாடி. கட்டியவர் சார்லஸ் ஹோல்டன். லண்டன் சுரங்க ரயில் நிலையங்கள் பலவும் அவர் வரைந்தவைதான். லண்டன் பல்கலைக்கழகத்துக்காக எழும்பிய கட்டடம், போர் வந்ததும் தகவல் அமைச்சகத்தின் கைக்குப் போய்விட்டது. போஸ்டர், பத்திரிகைத் தணிக்கை, செய்திப்படம் எல்லாவற்றுக்கும் தலைமையிடம். இப்போது பையை முதுகில் மாட்டிய பிள்ளைகள் நூலகத்துக்குள் போய்வந்துகொண்டிருக்கிறார்கள். நானும் வாசல் கூடம் வரை போனேன். அலுவலகத்துக்கான கட்டடம்தான் என்றாலும், ஏனோ செருப்பைக் கழற்றலாமா என்று தோன்றுகிற மாதிரி ஒரு அமைதி.

படிக்கட்டில் உட்கார்ந்து மகளுக்குக் கதையைச் சொன்னேன். சிவப்புப் போஸ்டர் தனியாக வரவில்லை, கூடப்பிறந்தவை இரண்டு உண்டு. ஒன்று, 'சுதந்திரத்துக்கு ஆபத்து, முழு வலிமையோடு காத்திடுங்கள்' என்பது. இன்னொன்றைத்தான் நாடு முழுக்க அதிகமாக ஒட்டினார்கள். அதன் வாசகம்: உங்கள் துணிவு, உங்கள் உற்சாகம், உங்கள் உறுதி ஆகியவை...

இங்கேதான் நான் நின்றுபோனேன். ஆங்கிலத்தில் அடுத்து வருவது 'வில் பிரிங் அஸ் விக்டரி'. 'அஸ்' என்பதைத் தமிழில் எப்படிப் போடுவது? நமக்கு வெற்றி தரும் என்றா, எங்களுக்கு வெற்றி தரும் என்றா?

எழுதிய அதிகாரி 'நமக்கு' என்றுதான் நினைத்திருப்பார். பாவம், அவர் மொழியில் அதற்குத் தனிச்சொல் இல்லை. படித்த சனங்கள் காதில் விழுந்தது 'எங்களுக்கு'. துணிவு உங்களுடையது, உறுதி உங்களுடையது, உயிர் போனாலும் உங்களுடையது. வெற்றி மட்டும் எங்களுக்கு. மேலே இருக்கிறவன் கீழே இருக்கிறவனைப் பார்த்துச் சொல்கிற மாதிரி இருந்தது. பொதுமக்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று காது கொடுத்துக் குறித்துவைக்க 'மாஸ் அப்சர்வேஷன்' என்று ஓர் அமைப்பு 1937 முதலே இருந்தது. அவர்கள் திரட்டியதிலும் இந்த எரிச்சல் பதிவாகியிருக்கிறது. போதாக்குறைக்கு, ஒட்டிய நேரமும் சரியில்லை. போர் அறிவித்து மாதக்கணக்கில் குண்டே விழவில்லை. அந்தப் போஸ்டர் கேட்ட துணிவை எங்கே கொண்டுபோய்க் காட்டுவது என்று சனங்களுக்குத் தெரியவில்லை.

எனக்கு இது புதிசில்லை. சில வருடத்துக்கு முன் பக்கத்து ஊர்ப் பங்குனிப் பொங்கலுக்கு 2,000 போஸ்டர் அடித்தோம். மேலத்தெருக்காரர்கள் கொடுத்த மேட்டரில் 'எங்கள் ஊர் அம்மன்' என்று இருந்தது, அப்படியே ஓட்டினோம். ஒட்டிய அன்று ராத்திரியே கீழத்தெருவிலிருந்து பத்துப் பேர் பிரஸ் வாசலில்.

"எங்கள்னா என்ன அண்ணாச்சி அர்த்தம்? அப்ப நாங்க யாரு?"

வெளியூரில் ஒட்டினால் 'எங்கள்' சரி. உள்ளூர்ச் சுவரில் ஒட்டினால் 'நமது' என்றல்லவா இருக்க வேண்டும்? ஒரு சொல்லுக்காக மறுபடி 2,000 அடித்தேன், பாதிச் செலவு என் தலையில். செனட் ஹவுஸ்காரர்களிடம் அன்றைக்கு ஒரு கீழத்தெருக்காரரை உட்காரவைத்து மேட்டரைப் படிக்கச் சொல்லியிருக்கலாம்.

சொதப்பல் அதோடு நிற்கவில்லை. 1940 ஜூலையில், பிரான்ஸ் விழுந்த பிறகு, 'மௌனப் படை' என்று ஒரு பிரச்சாரம் ஆரம்பித்தார்கள். வதந்தி பேசாதே, புலம்பாதே. அதில் கார்ட்டூன் ஆட்கள் சிலர்: எல்லாம் தெரிந்த மிஸ்டர் நோஆல், மூஞ்சியைத் தொங்கப்போட்ட மிஸ்டர் கிளம்பாட், அப்புறம் மிஸ் லீக்கி மவுத். கடைசியாளைத் தமிழில் சொல்ல எனக்குக் கஷ்டமே இல்லை, நம்ம ஊர் ஓட்டைவாய்தான். போஸ்டரோடு விட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். மதுக்கடையில் 'நாம தோத்துருவோம் போல' என்று புலம்பியவர்கள்மீதெல்லாம் வழக்குப் போட்டார்கள். சுதந்திரத்தைக் காப்பாற்றத்தானே போர் என்று சனங்கள் திருப்பிக் கேட்டார்கள். சில வாரத்திலேயே சர்ச்சில் அந்தப் பிரச்சாரத்தைக் கைவிட்டார்.

அதே வருடம், அதே விஷயத்தை, வேறு ஒருவர் சொன்னபோது நாடே ரசித்தது. ஃபூகாஸ் என்ற புனைபெயரில் வரைந்த கார்ட்டூனிஸ்ட். நிஜப் பெயர் சிரில் கென்னத் பேர்ட். முதல் உலகப் போரில் கலிப்போலியில் பலத்த காயம்பட்டவர். ஃபூகாஸ் என்பது ஒருவகைக் கண்ணிவெடி. வெடித்தாலும் வெடிக்கும், வெடிக்காமலும் போகும் என்பதால் அந்தப் பெயராம். அவர் 1940 பிப்ரவரியில் எட்டுப் போஸ்டர்கள் வரைந்தார், கூலி வாங்காமல். பஸ்ஸில் இரண்டு பெண்கள் ஊர்க்கதை பேசுகிறார்கள்; பின் இருக்கையில் ஹிட்லரும் அவருடைய விமானப்படைத் தலைவர் கோயரிங்கும் சமர்த்தாக உட்கார்ந்து கேட்கிறார்கள். இன்னொன்றில் சுவரொட்டுக் காகிதம் முழுக்கப் பூவுக்குப் பதில் குட்டிக் குட்டி ஹிட்லர் தலைகள். சுவருக்கும் காது உண்டு என்ற பழமொழி அவர்களுக்கும் இருக்கிறது பாருங்கள். எட்டிலும் யாரையும் அவர் அதட்டவில்லை. பஸ்ஸில் பேசுகிறவள் நம் பெரியம்மா மாதிரியே இருக்கிறாள். அச்சிலும் கெட்டிக்காரத்தனம்: சுற்றிலும் வெள்ளை வெளி, நாலைந்து கோடு, ஓரத்தில் ஒரு சிவப்பு பார்டர். நெரிசலான சுவரில் வெள்ளை வெளிதான் கண்ணை இழுக்கும். அந்த வெள்ளையை விட்டுக்கொடு என்று எங்கள் ஊர்க் கட்சிக்காரர்களிடம் சொல்லிப்பாருங்கள். காலி இடத்தில் இன்னும் நாலு தலைவர் படம் கேட்பார்கள்.

நாள் 3: மழை

வெளியே போகவில்லை. தொண்டை கரகரப்பு, ஜன்னலுக்கு வெளியே நசநசவென்று மழை. மகளுக்கு வீட்டிலிருந்தே வேலை.

மத்தியானம் அவள் 'வுல்ட்டன் பை' செய்து பார்க்கலாம் என்றாள். வுல்ட்டன் பிரபு 1940 ஏப்ரலில் உணவு அமைச்சர் ஆனவர். உருளை, கேரட், காலிஃபிளவர், டர்னிப் வகைக் கிழங்கு, கொஞ்சம் ஓட்ஸ் எல்லாம் சேர்த்து வேகவைத்து, மேலே உருளைக்கிழங்கு மாவு மூடி போட்டுச் சுடுவது. இறைச்சி கிடையாது. சமைத்துக் காட்டியவர் சவாய் ஹோட்டலின் தலைமைச் சமையல்காரர். சாப்பிட்டவர்கள் அமைச்சரை வாழ்த்தியதாகத் தெரியவில்லை. எங்கள் அடுப்பில் வந்ததும் உப்புச் சப்பில்லாமல்தான் இருந்தது.

"அப்பா, சாம்பார் பொடி?"

"கேக்காத, போடு."

ரேஷன் 1940 ஜனவரி 8-ல் பன்றி இறைச்சி, வெண்ணெய், சர்க்கரையோடு தொடங்கி, கடைசியாக 1954 ஜூலையில்தான் முழுசாக ஒழிந்தது. போர் முடிந்து ஒன்பது வருடம்! வெங்காயம் பெரும்பாலும் பிரான்ஸின் பிரிட்டனி பக்கமிருந்தும் கால்வாய்த் தீவுகளிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. 1940-ல் அவை ஜெர்மனியிடம் போனதும் வெங்காயம் காணாமல் போனது. அலுவலகங்களில் ஒற்றை வெங்காயத்தைக் குலுக்கல் பரிசாக வைத்தார்கள். வெங்காய விலைக்கு ஆட்சியே மாறுகிற நாட்டிலிருந்து வந்த எனக்கு அது நன்றாகப் புரிகிறது.

இந்த விஷயத்தில் அவர்கள் போஸ்டர்கள் நன்றாக வேலை செய்தன. 'டிக் ஃபார் விக்டரி', வெற்றிக்காகத் தோண்டு. மண்வெட்டியின் மேல் மிதித்த ஒரு பூட்ஸ் காலும் அந்த மூன்று சொல்லும். அரசு, கிரீடம், துணிவு, உறுதி எதுவும் இல்லை. இதைச் செய், செய்தால் உன் தட்டில் காய் விழும், அவ்வளவு. தோட்டமில்லாதவர்கள் குத்தகைக்கு எடுத்துப் பயிரிட்ட துண்டு நிலங்கள் 1939-ல் சுமார் 8 லட்சத்து 15 ஆயிரம். 1943-ல் 14 லட்சம். லண்டன் கோட்டை அகழியில்கூடக் காய்கறி போட்டார்கள். ஹைட் பார்க்கில் பன்றி வளர்த்தார்கள்.

கேரட் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். இரவில் ஜெர்மன் விமானங்களைச் சுட்டு வீழ்த்தும் விமானி கேரட் தின்று கண் பார்வை கூர்மையானவன் என்று பரப்பினார்கள். உள்ளே ரேடார் கருவி இருந்தது, அதை வெளியே சொல்ல முடியாது. கேரட்டும் அப்போது மிதமிஞ்சி விளைந்து கிடந்தது. என் அம்மா என்னைக் கேரட் தின்னவைத்தது அதே பொய்யைச் சொல்லித்தான் என்பது இன்றைக்குத்தான் உறைத்தது.

நாள் 4: லாம்பெத், ஓவல்

இம்பீரியல் போர் அருங்காட்சியகம். நுழைவுக் கட்டணம் இல்லை, என் மாதிரி ஆட்களுக்கு முதல் சந்தோஷம் அது. வாசலில் இரண்டு 15 அங்குலக் கப்பல் பீரங்கிகள் தெருவைப் பார்த்து நிற்கின்றன. கட்டடம் முன்பு பெத்லெம் மனநோய் மருத்துவமனை. போர் அருங்காட்சியகத்துக்கு இதைவிடப் பொருத்தமான பழைய குடித்தனக்காரர் கிடைக்கமாட்டார் என்று லண்டன்காரர்களே கேலி செய்கிறார்கள்.

நடுக்கூடத்தில் கூரையிலிருந்து ஒரு ஸ்பிட்ஃபயர் விமானம் தொங்குகிறது. நினைத்ததைவிடச் சின்னது, தும்பி மாதிரி. 1940 கோடையில் 'ஸ்பிட்ஃபயர் நிதி' என்று ஊர் ஊராகப் பணம் திரட்டினார்கள். ஒரு விமானத்துக்கு 5,000 பவுண்டு என்று ஒரு தோராய விலை வைத்தார்கள். நிஜ விலை அதைவிடக் கூடுதல். தொகை சேர்த்தவர் சொல்கிற பெயரை விமானத்தின் மூக்கில் எழுதுவார்கள். வீட்டு அலுமினியப் பாத்திரங்களைக் கொடுங்கள், விமானமாக்கித் தருகிறோம் என்று விமான உற்பத்தி அமைச்சர் பீவர்புரூக் கேட்டதும் அதே கோடையில், ஜூலையில். பெண்கள் சட்டி பானையைக் கொண்டுவந்து குவித்தார்கள்.

பணம் நம் பக்கமிருந்தும் போயிருக்கிறது. சென்னை மாகாணத்துப் போர் நிதிக்கு நன்றியாக, விமானப்படையின் 264-வது பிரிவுக்கு 'மெட்ராஸ் பிரெசிடென்சி' என்றே பெயர் சூட்டினார்கள். அந்தப் பிரிவு ஓட்டியது ஸ்பிட்ஃபயர் அல்ல, டிஃபையன்ட், பிறகு மாஸ்கிடோ. ஆனாலும் தொங்குகிற விமானத்தின் கீழே நின்று அண்ணாந்து பார்க்கையில், யார் யார் மடியிலிருந்து எவ்வளவு போனதோ என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அருங்காட்சியகக் கடையில் போர்க்காலப் போஸ்டர்கள் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றை நின்றபடியே புரட்டினேன். வாங்குகிற விலையில் இல்லை. அதில் 'டுகெதர்' என்று ஒரு போஸ்டர். 'சேர்ந்து' அல்லது 'ஒன்றாக'. வில்லியம் லிட்டில் என்பவர் வரைந்தது. பிரிட்டிஷ் கொடியின் கீழ், பேரரசின் பல நாட்டுச் சிப்பாய்கள் ஒரே வரிசையில் தோளுக்குத் தோள் நடக்கிறார்கள், தலைப்பாகை கட்டிய இந்தியச் சிப்பாயும்தான். நல்ல அச்சு. எல்லா முகமும் ஒரே திசையைப் பார்க்கிறது.

இதைத் தமிழில் அடிக்கக் கொடுத்தால் நான் எந்தச் சொல்லைப் போட்டிருப்பேன்? 1939 செப்டம்பர் 3-ஆம் தேதி, இந்தியாவும் போரில் இருக்கிறது என்று வைஸ்ராய் லின்லித்கோ அறிவித்தபோது இந்தியத் தலைவர்கள் ஒருவரையும் கேட்கவில்லை. அதை எதிர்த்து அக்டோபர் கடைசியில் சென்னையில் ராஜாஜி மந்திரிசபை பதவி விலகியது. 1942 ஏப்ரலில் ஜப்பான் கொழும்பையும் திருகோணமலையையும் விசாகப்பட்டினத்தையும் குண்டு போட்டதும் சென்னையே காலியானது. பர்மா விழுந்து அரிசி வரத்து நின்றது. மறு வருடம் வங்காளத்தில் பஞ்சம், 30 லட்சம் பேர் வரை செத்தார்கள் என்று கணக்கு. எங்கள் ஆச்சி அந்தக் காலத்தை 'சண்டைக் காலம்' என்பாள். யாருக்கும் யாருக்கும் சண்டை என்று அவளுக்குத் தெரியாது. அரிசி இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, இருட்டில் கம்மங்கூழ் குடித்துவிட்டுப் படுத்தோம், அவ்வளவுதான் அவள் போர். அந்தப் போஸ்டரைப் பார்த்திருந்தால், ஆச்சி வரிசையில் இருக்கிற தலைப்பாகைக்காரனைப் பார்த்து "இந்தப் பிள்ள சாப்பிட்டானா?" என்று கேட்டிருப்பாள்.

அங்கிருந்து ஓவல் பக்கம் நடந்தோம். கிரிக்கெட் மைதானத்தின் வெளிச்சுவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன், அது வேறு பக்தி. நான் தேடிப்போனது பக்கத்துக் குடியிருப்புகளின் வேலிக் கம்பியை. போருக்கு இரும்பு வேண்டும் என்று லண்டன் வீடுகள், பூங்காக்களைச் சுற்றியிருந்த இரும்புக் கிராதிகளை அறுத்துக்கொண்டு போனார்கள். பழைய கைப்பிடிச் சுவர்களில் அறுத்த அடிக்கட்டைகளை இன்றும் தடவிப் பார்க்கலாம். குண்டுவீச்சில் அடிபடுகிறவர்களைத் தூக்க எஃகுக் குழாயும் கம்பி வலையும் வைத்து லட்சக்கணக்கில் தூக்குப்படுக்கை செய்து வைத்திருந்தார்கள். விஷவாயு பட்டால் கழுவித் துடைக்கச் சுலபம் என்று எஃகு. போர் முடிந்ததும் அவை மிச்சம். கிராதி போன இடத்தில் அவற்றையே படுக்கவைத்து நட்டுவிட்டார்கள். கறுப்புச் சாயம் அடித்த கம்பிவலை, இரண்டு முனையிலும் தரையில் படாமலிருக்க வளைத்த குழாய். தெரியாதவர்களுக்கு வெறும் வேலி. ஒரு பையன் அதில் சைக்கிளைப் பூட்டிவிட்டுப் போனான்.

நாள் 5: ஃபின்ஸ்பரி, கவென்ட் கார்டன்

இன்று இரண்டு இடம்.

காலையில் பைன் ஸ்ட்ரீட்டில் ஃபின்ஸ்பரி சுகாதார நிலையம். 1938-ல் கட்டடக் கலைஞர் லுபெட்கினின் டெக்டான் குழு கட்டியது. இரண்டு கையையும் விரித்து வா என்கிற மாதிரி வளைந்த கட்டடம். ஏழைகள் நிறைந்த பகுதியில், தேசிய சுகாதாரச் சேவை வருவதற்குப் பத்து வருடம் முன்பே, காசில்லாமல் வைத்தியம் பார்த்த இடம். வாசலில் நின்று படம் எடுத்தபோது, ஊசிபோட வந்த ஒரு பாட்டியம்மா இதிலே என்ன இருக்கிறது என்கிற மாதிரி என்னைப் பார்த்துவிட்டுப் போனார்.

இருக்கிறது. ஏப்ரம் கேம்ஸ் என்ற போஸ்டர் கலைஞர் 1942-ல் இந்தக் கட்டடத்தை வரைந்தார். ஒயிட்சேப்பலில் பிறந்த யூதர், அப்பா புகைப்படக்காரர். அப்பா படங்களுக்கு ஏர்பிரஷ் அடிப்பதைப் பார்த்தே கற்றுக்கொண்டவர். 'உங்கள் பிரிட்டன், அதற்காக இப்போதே போரிடுங்கள்' என்ற வரிசைக்கு ஃபிராங்க் நியூபோல்ட் என்பவர் பச்சை மலை, ஆட்டு மந்தை, மேய்ப்பன் என்று வரைந்தார். படையில் இருந்த பையன்களில் பாதிப்பேர் நகரத்துச் சந்தில் வளர்ந்தவர்கள், அவர்கள் எந்த மேய்ப்பனைக் கண்டார்கள்? கேம்ஸ் வரைந்ததோ, இந்தச் சுகாதார நிலையத்தின் பளபளப்பான சுவர். அதற்குப் பின்னால் இடிந்த சேரி, அதில் எலும்பு வளைந்த கால்களோடு ஒரு பையன். சர்ச்சிலுக்கு வந்ததே கோபம். போருக்கு முந்தைய பிரிட்டன்மீது அவதூறு என்று சொல்லி எடுக்கவைத்துவிட்டார்.

'உங்கள்' என்று மேட்டரில் போட்டுவிட்டு, அந்த 'உங்கள்' யாருடைய தெருவோ அதை வரைந்தால் எடுத்துவிடு என்கிறார்கள். முப்பது வருடத்தில் எத்தனை ஆர்டரில் இதை நான் பார்த்திருக்கிறேன்!

மத்தியானம் கவென்ட் கார்டனில் லண்டன் போக்குவரத்து அருங்காட்சியகம், பழைய பூச்சந்தைக் கட்டடம். இங்கே பிடித்தது பில்லி பிரௌன் கதை. டேவிட் லாங்டன் வரைந்த ஒரு கார்ட்டூன் ஆள். கோட்டு, தொப்பி, எப்போதும் சரியாக நடந்துகொள்கிற ஒழுக்கசீலன். குண்டுவெடித்தால் கண்ணாடி சிதறாமலிருக்க ரயில் ஜன்னல்களில் வலைத்துணி ஒட்டியிருந்தார்கள். எந்த ஸ்டேஷன் வருகிறதென்று தெரியாமல் சனங்கள் அதைப் பிய்த்தார்கள். உடனே பில்லி பிரௌன் செய்யுளில் உபதேசம் செய்தார்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், அந்த வலை உங்கள் பாதுகாப்புக்குத்தான். அதன் கீழேயே யாரோ அதே எதுகையில் பென்சிலால் எழுதிவிட்டுப் போனார்கள்: தகவலுக்கு நன்றி, ஆனா பாழாப்போன ஸ்டேஷன் கண்ணுக்குத் தெரியலியே!

அந்தப் பென்சில்காரருக்கு ஒரு கும்பிடு.

இன்னொன்றும் உண்டு. 1940 செப்டம்பரில் குண்டுவீச்சு தொடங்கியபோது, சுரங்க ரயில் நிலையங்களைப் புகலிடமாகப் பயன்படுத்தாதீர்கள், முக்கியமாக உடல் திடமுள்ள ஆண்கள் தவிருங்கள் என்று அரசு போஸ்டர் ஒட்டியது. சனங்கள் ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு, போர்வை, தலையணை, பிள்ளைகுட்டிகளோடு கீழே இறங்கிப் பிளாட்பாரத்தில் படுத்துக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் அரசே கட்டிலும் கழிப்பறையும் ஏற்பாடு செய்தது.

சாயங்காலம் ராட்டினம். மகளுக்குக் கொடுத்த வாக்கு.

நாள் 6: ஆனிக்

கிங்ஸ் கிராஸிலிருந்து ஆன்மத் வரை மூன்றரை மணி நேர ரயில். கடைசி நேரத்தில் டிக்கெட் எடுத்ததால் மகள் சொன்ன விலையை நான் ரூபாயில் மாற்றிப் பார்க்க மறுத்துவிட்டேன். டரம் பேராலயம் குன்றின் மேல் வந்துபோனது, நியூகாசிலில் டைன் ஆற்றுப் பாலங்கள். ஆன்மத்திலிருந்து பஸ். ஊர்ப்பெயரை எழுத்துக்கூட்டி 'ஆல்ன்விக்' என்று டிரைவரிடம் கேட்டேன். "ஆனிக்" என்று திருத்தி டிக்கெட்டைக் கொடுத்தார்.

பார்ட்டர் புக்ஸ் என்கிற அந்தக் கடை இருப்பது பழைய ரயில் நிலையத்தில். 1887-ல் கட்டியது, 1968-ல் ரயில் நின்றது, 1991-லிருந்து புத்தகம். உள்ளே கணப்பு எரிகிறது. அலமாரிகளின் தலைக்கு மேலே ஒரு பொம்மை ரயில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வயசானவர்கள் நாற்காலியில் சாய்ந்து படிக்கிறார்கள், யாரும் எழுப்புவதில்லை. நாளெல்லாம் இருக்கலாம்.

சட்டத்துக்குள் அந்தச் சிவப்பு. கோப்பையிலும் பனியனிலும் பார்த்த சிவப்பைவிடக் கொஞ்சம் அடங்கியது. எழுத்து கணினி எழுத்தில்லை, கையால் வரைந்தது என்பது கிட்டே போனால் தெரிகிறது. வளைவுகளில் ஒரு மனித நிதானம். வெகுநேரம் நின்றேன். ஒட்டின போஸ்டருக்கு ஒரு முகம் உண்டு: பசையின் சுருக்கம், மழையின் கோடு, எவனோ கிழித்த மூலை. இதற்கு அது எதுவுமில்லை. எந்தச் சுவரையும் பார்க்காத போஸ்டர்.

கடைக்காரர் முதலில் இதைச் சட்டம் போட்டு மாட்டிவைக்க மட்டும்தான் நினைத்தார். பார்க்கிறவர்கள் எல்லாம் விலை கேட்டதால் மறுவருடம் நகல் அடித்து விற்றார். அப்புறம் உலகமே அடித்தது. 2011-ல் ஒருவர் இந்த வாசகத்தை ஐரோப்பாவில் வணிகக்குறியாகவே பதிவு செய்துகொண்டார். 2012-ல் தொலைக்காட்சிப் பழம்பொருள் நிகழ்ச்சிக்கு ஒரு பெண்மணி தன் அப்பா வைத்திருந்த பிரதிகள் சுமார் பதினைந்தை எடுத்துவந்தார். 24 லட்சத்தில் தப்பியது கைவிரல் விட்டு எண்ணுகிற அளவுதான்.

இதை ஒட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மகளிடம் கேட்டேன். வீடு இடிந்து, பிள்ளையைத் தேடுகிறவள் முன்னால் கிரீடம் வைத்த தாள், பதறாதே என்கிறது. யாராவது பென்சிலை எடுத்திருப்பார்கள். ஒட்டாததால்தான் இது தப்பியது, இன்றைக்கு எல்லோரும் இதைப் பிரியமாகக் கோப்பையில் வைத்துக் குடிக்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது. அவள் ஒப்புக்கொள்ளவில்லை. பரீட்சை நேரத்தில் இந்தக் கோப்பைதான் தன்னைக் காப்பாற்றியது என்றாள். சரி, அதையும் எழுதிவைக்கிறேன்.

கணப்புப் பக்கத்தில் இடம் கிடைத்தது. தேநீர் வந்தது, கூடவே கேரட் கேக். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

"அப்பா, இந்த ஆர்டர் உங்ககிட்ட வந்திருந்தா எவ்வளவு கேட்டிருப்பீங்க?"

பில்லின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். டபுள் கிரவுன் சைஸ் தாள், 20-க்கு 30 அங்குலம். ஒரே கலர். 24 லட்சத்து 50 ஆயிரம் இம்ப்ரெஷன். முழுத் தாளும் சிவப்பு என்பதால் மை எக்கச்சக்கமாகக் குடிக்கும், காய வேறு நேரம் ஆகும். நாலு மிஷின், ராப்பகலாக ஓட்டினாலும் பன்னிரண்டு நாளில் முடியுமா என்பது சந்தேகம். பேப்பர், பிளேட், மை, கூலி, கட்டிங், லாரி வாடகை.

"ரேட் அப்புறம் பேசிக்கலாம்மா. கவர்மென்ட் ஆர்டர், ஒட்டாமப் போனாலும் போகும். மொதல்ல முழுப் பணத்தையும் முன்பணமா வைக்கச் சொல்லு."